மலையில் பேர் வெட்ட வயது உண்டு, மேடையில் ஏன் இல்லை?



வயதுக் கணக்கை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் சேமலாப நிதியை எடுக்கலாம் என்று சட்டம் கோடு போட்டிருக்கிறது. காலம் வந்தால் செக்ரோலில் பேர் வெட்டப்படும். அதற்குப் பிறகு மலைக்குப் போனால் கைக்காசுதான். ஆசிரியனான நானும் 60 வயதில் சோக்கட்டியை வைத்துவிட்டுப் போக வேண்டியவன். மேன்முறையீட்டு நீதிமன்ற நீதியரசர் 63 வயதில் போகிறார். நாட்டின் உயர் நீதிமன்ற நீதியரசரே 65 வயதில் எழுந்து போகிறார்.

பாராளுமன்ற உறுப்பினருக்கு எத்தனை வயது? அமைச்சருக்கு? ஜனாதிபதிக்கு? தொழிற்சங்கத் தலைவருக்கு? எல்லையே கிடையாது. 2022 இல் அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 இலிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். அந்த முடிவை அறிவித்த ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவுக்கு அப்போது 73 வயது. ஊருக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயம்.

எல்லை இல்லாததால் என்ன நடக்கும் என்பதற்குத் திருகோணமலையைப் பாருங்கள். 2020 தேர்தலில் அந்த மாவட்டத்தில் கூட்டமைப்புக்குக் கிடைத்தது ஒரே ஆசனம். அதில் இருந்தவர் 87 வயதான சம்பந்தன் ஐயா. அவர் தமிழருக்குச் செய்தவற்றை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கடைசிக் காலத்தில் நோயினால் சபைக்கு ஒழுங்காகப் போக முடியவில்லை. அவர் விலக வேண்டும் என்று அவருடைய கட்சிக்காரரான சுமந்திரனே 2023 இல் பகிரங்கமாகச் சொன்னார். அவர் விலகவில்லை. 2024 ஜூன் 30 அன்று, 91 வயதில், உறுப்பினராகவே காலமானார். அந்தக் காலத்தில் அந்த மக்களின் குரல் சபையில் எங்கே கேட்டது?

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். வயதெல்லை பற்றிப் பேசினால் நம்மவர்கள் உடனே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பெரியவர் சௌமியமூர்த்தி தொண்டமான் 72 வயதில்தானே பிரார்த்தனைப் போராட்டம் நடத்தினார்?” உண்மை. 1986 ஜனவரியில் நம் சனம் வேலைக்குப் போகாமல் பிரார்த்தனையில் உட்கார்ந்தது. நாடற்றவர்களுக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் அந்த ஆண்டிலேயே வந்தது. 1948 இல் பறிக்கப்பட்டதை மீட்ட அந்தப் போராட்டத்தை மலையகம் மறக்காது.

ஆனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். 1939 இல், நமக்குப் பக்கத்திலுள்ள கம்பளையில், இலங்கை இந்தியன் காங்கிரஸ் கிளைக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு வயது சுமார் 26. பாராளுமன்றம் போன 1947 இல் வயது 34. இளைஞன் என்று தள்ளிவைக்காமல் அன்று நாற்காலி கொடுத்தார்கள். அதனால்தான் 72 வயதில் அவருக்கு அந்த அனுபவம் இருந்தது. இன்று புசல்லாவையில் 26 வயதுப் பிள்ளை ஒருத்தி மாவட்டக் கமிட்டியில் வாய் திறந்தால், “முதலில் கேட்டுப் பழகு” என்கிறோம். இப்படி இருந்தால் நாளைய தொண்டமான் எங்கிருந்து வருவார்?

பெரியவர் 1999 அக்டோபரில், 86 வயதில், அமைச்சராகவே காலமானார். தலைமை பேரன் ஆறுமுகன் தொண்டமானிடம் போனது. அவர் 2020 மே மாதம் 55 வயதில் திடீரென மறைந்தார். அடுத்து மகன் ஜீவன், அப்போது 25 வயது. தனியாட்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. தலைவர் போகும் நாள் எழுதி வைக்கப்படாத இடத்தில், தலைமை மாறுவது மாநாட்டு மண்டபத்தில் நடப்பதில்லை, மரண வீட்டில் நடக்கிறது. அங்கே கண்முன் நிற்பது குடும்பம் மட்டும்தான். சந்தா கட்டிய தொழிலாளி வாசலில் நிற்கிறான்.

“மக்கள் வாக்குப் போட்டால் உனக்கென்ன?” என்பார்கள். நாம் விருப்பு வாக்குப் போடுவது கட்சி கொடுக்கும் பட்டியலில். அந்தப் பட்டியலை எழுதுவது நாமல்ல. உள்ளூராட்சித் தேர்தலில் வேட்பாளர் பட்டியலின் நான்கில் ஒரு பங்கு 35 வயதைத் தாண்டாதவர்களுக்கு என்று இப்போது சட்டமே சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் பிரதேச சபையில் இளைஞருக்குப் பாய் விரித்துவிட்டு, மேலே நாற்காலியைப் பெரியவர்கள் விடவில்லை என்றால், அந்தப் பிள்ளைகள் சுவரொட்டி ஒட்டுவதோடு சரி.

செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவின் மார்க்சிஸ்ட் கட்சி தன் மத்தியக் குழுவுக்கு 75 வயது எல்லை வைத்தது. 2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த மாநாட்டில் பிரகாஷ் காரத், பிருந்தா காரத், மாணிக் சர்க்கார் ஆகியோர் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து இறங்கினார்கள். கட்சி இடிந்து விழவில்லை. ஆனால் அப்போது கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயனுக்கு விதிவிலக்குக் கொடுத்தார்கள். நாம் படிக்க வேண்டிய பாடம் அதிலும் உண்டு: ஒருவருக்குக் கதவைத் திறந்தால் அடுத்தவரும் அதே கதவைத் தட்டுவார்.

அரசியலமைப்பைத் திருத்த நம் கையில் பலம் இல்லை. சங்கத்தின் யாப்பைத் திருத்த நம் கையே போதும். எனவே வரும் மாநாட்டில் இந்த நான்கையும் தீர்மானமாக முன்வைக்குமாறு ஒவ்வொரு தோட்டக் கமிட்டியையும் கேட்கிறேன்.

ஒன்று: தலைவர், பொதுச்செயலாளர், மாவட்டப் பிரதிநிதி பதவிகளுக்கு 65 வயதுக்கு மேற்பட்டவர் போட்டியிடக் கூடாது. விதிவிலக்கு யாருக்கும் இல்லை.

இரண்டு: 70 வயதைத் தாண்டிய எவருக்கும், எந்தக் கட்சியானாலும், சங்கம் தேர்தலில் ஆதரவு கொடுக்கக் கூடாது.

மூன்று: ஒரே பதவியில் இரண்டு தவணைக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது. வயதெல்லை மட்டும் இருந்தால் 30 வயதில் உட்காருபவர் 35 வருடம் எழும்பமாட்டார். இது இளையவர்களுக்கும் சேர்த்துப் போடும் கடிவாளம்.

நான்கு: அடுத்தவரை இரகசிய வாக்கில் அங்கத்தவர்களே தெரிவுசெய்ய வேண்டும். கொழுந்து பறிப்பதில் பெரும்பங்கு பெண்களுடையது, ஆகவே நிர்வாகத்தில் பாதி இடம் அவர்களுக்கு.

மூத்தவர்களை நாம் விரட்டவில்லை. பொலிஸ் அடியும் வேலை நீக்கமும் தாங்கிச் சங்கத்தை வளர்த்தவர்கள் அவர்கள். ஆலோசனைச் சபையில் அவர்களுக்கு முன்வரிசை இருக்கட்டும். புதிதாக மலைக்கு வரும் பிள்ளைக்கு மூத்த தாய்தான் கொழுந்து எடுக்கக் காட்டிக் கொடுக்கிறாள். காட்டிக் கொடுத்தபின் அந்தப் பிள்ளையின் கூடையை அவள் பிடுங்கிச் சுமப்பதில்லை.

சங்கத்தைக் கட்டத் தெரிந்த நம் மூத்தவர்களுக்கு, அதைக் கைமாற்றிக் கொடுக்கவும் தெரிய வேண்டும். உயிரோடு இருக்கும்போதே, நம் எல்லோர் முன்னாலும், மாநாட்டு மேடையில் கொடுக்கட்டும்.