ஏழு வாரமும் ஒரு குரலும்

தொண்டையில் புற்றுநோய் என்றால் மரணம்தான் என்று டிக்கோயாத் தோட்டங்களிலே இன்றும் பலர் எண்ணுகின்றனர். அந்த எண்ணம் தவறானது. ஆயினும், தவறான அந்த எண்ணம் நம்மவரில் பலருக்கு ஏன் மெய்யாகிவிடுகிறது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

1873ஆம் ஆண்டில், வியன்னா நகரிலே பில்ரோத் என்னும் வைத்தியர் புற்றுநோய் பற்றிய குரல்வளையை முழுவதுமாக அகற்றினார். அதன்பின் நூறாண்டுக்கு மேலாக, முற்றிய நோய்க்கு அதுவே பெருவழியாயிற்று. உயிர் வேண்டுமெனில் குரலைக் கொடு என்பதே வைத்தியத்தின் நிபந்தனை. 1991இல் அமெரிக்காவில் 332 நோயாளரைக் கொண்டு நிகழ்ந்த ஆய்வு இந்த நிபந்தனையைத் தளர்த்தியது. ஒரு சாராருக்குக் குரல்வளையை அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தனர். மறு சாராருக்கு முதலில் மருந்தும் பின்னர்க் கதிரும் அளித்தனர். ஈராண்டின் பின் இரு சாராரிலும் நூற்றுக்கு 68 பேர் உயிர் வாழ்ந்தனர். மறு சாராரிலோ நூற்றுக்கு 64 பேருக்குக் குரல்வளையும் எஞ்சியது. மருந்தையும் கதிரையும் ஒரே காலத்தில் அளித்தால் குரல்வளை இன்னும் நன்கு காக்கப்படும் என்பது 2003இல் தெளிவாயிற்று. தலை, கழுத்துப் புற்றுநோய்கள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2009இல் வெளியான முடிவு, அவ்வாறு சேர்த்து அளிப்பதால் ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்கு ஆறேழு பேர் கூடுகின்றனர் என்று காட்டிற்று. குருத்தெலும்பை அரித்துப் பரவிய நோய்க்கு மட்டும் இன்றும் பெரும்பாலும் சத்திரசிகிச்சையே முதலில் வேண்டும்.

இக்கூட்டுச் சிகிச்சை எளியதன்று. கதிர் மட்டுமே வாரத்துக்கு ஐந்து நாளாக ஏறத்தாழ ஏழு வாரம் நீடிக்கும். வாயும் தொண்டையும் புண்ணாகிக் கஞ்சியும் இறங்காத நாட்கள் வரும். இடையிலே நிறுத்தினால், எஞ்சிய நோயணுக்கள் மீண்டும் பெருகும். ஆகவே, தொடங்கியதை முடிப்பதிலேதான் பிழைப்பு இருக்கிறது.

டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. அது பெரும்பேறே. எனினும், கதிர்ச் சிகிச்சைக்குக் கண்டிக்கோ மகரகமவுக்கோ செல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசந்தானே, வேறென்ன குறை என்று கேட்போர் உண்டு. சிகிச்சை இலவசம், பஸ் பயணம் இலவசமன்று. துணைக்கு வருபவர் தங்க இடம் இலவசமன்று. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் லயத்து அடுப்பு எரியாது. நோயாளிக்கும் துணையாளுக்குமாக ஏழு வாரத்தில் இரு பேர் இழப்பதென்றால், மூன்றாம் வாரத்திலேயே வீடு திரும்பத் தோன்றுவது வியப்பா?

ஆகவே நான் சொல்வது இது: சத்திரம், கதிர், மருந்து என்னும் மூன்றோடு, அந்த ஏழு வாரக் கூலியையும் தங்குமிடத்தையும் நான்காவதாகச் சேர்க்காத சிகிச்சை மலையகத்துக்குப் பாதிச் சிகிச்சையே. தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் அரசாங்கமும் கூடிச் செய்யக்கூடிய காரியம் இது. இதைத் தருமமென்று எண்ணலாகாது; வைத்தியத்தின் பகுதியென்றே எண்ண வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. குளிருக்கும் பசிக்கும் துணையென நம்மவர் மெல்லும் வெற்றிலையில், புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகம் 2004இல் அறிவித்துவிட்டது. குரல்நாணில் தொடங்கும் நோய் குரல் கம்மலாகத் தன்னை முன்னரே அறிவிக்கும். அந்நிலையிலே கண்டால், கதிரோ சிறு சத்திரமோ ஒன்றே போதும். பத்தில் ஒன்பது பேரளவில் குணமடைகின்றனர். ஆனால் நாமோ கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்து மாதங்களைக் கடத்துகிறோம். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் வைத்தியரிடம் போக வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தை, ஒவ்வொரு தோட்டப் பாடசாலைப் பிள்ளையும் வீட்டுக்குக் கொண்டு போகட்டும். கொழுந்து மடுவத்திலே அது பேசப்படட்டும். பிழைக்கத்தக்க நோயால் ஒருவர் இறப்பது விதியன்று. நம் ஏற்பாட்டின் குறை.