நெடும்பயணத்துக்கு எத்தனை சிசி வேண்டும்?

பதினாறு வயது நிறைந்தால் பி2 உரிமம் எடுக்கலாம். படிவம் 4, 5 மாணவர்களில் பலர் இப்போதே ஓட்டுநர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள். எஸ்.பி.எம். முடிந்ததும் நண்பர்களோடு கேமரன் மலைக்கோ, பினாங்குக்கோ, கிழக்குக் கரைக்கோ மோட்டார் சைக்கிளில் போய்வர வேண்டும் என்ற ஆசையும் கூடவே வளரும். ஆசையில் தவறில்லை. ஆனால், எந்த மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று பேச்சு வந்தவுடன் எல்லாரும் முதலில் கேட்பது, "எத்தனை சிசி?" என்றுதான். நெடும்பயணத்துக்கு வண்டி தேடுபவர் அதைக் கடைசியாகக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

மலேசியச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அவர்களில் இளையோர் அதிகம். ஆகவே வண்டியைத் தேர்ந்தெடுப்பதை வெறும் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளியில் படிக்கும் இயற்பியலே இதற்குப் போதும்.

சிசி என்பது எஞ்சின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் நகரும் இடத்தின் கன அளவு. இடம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிகக் காற்றும் பெட்ரோலும் எரியும். கிடைக்கும் திறனும் கூடும். சரி, நமக்கு எவ்வளவு திறன் தேவை?

சமதளச் சாலையில் வேகமாகச் செல்லும்போது எஞ்சினின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடியாக உயர்கிறது. அந்த விசையை வெல்லத் தேவையான திறனோ மும்மடியாக உயர்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 6 கிலோவாட் வேண்டும். அதையே 110 ஆக்கினால் வேகம் 22 விழுக்காடுதான் கூடுகிறது; தேவைப்படும் திறனோ சுமார் 11 கிலோவாட்டை எட்டிவிடுகிறது.

இப்போது வண்டிகளைப் பாருங்கள். நம் ஊர் 110 சிசி கப்சாயின் உச்சத் திறன் ஏறத்தாழ 6 முதல் 7 கிலோவாட். 90 கிலோமீட்டர் வேகத்தில் அது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். எதிர்க்காற்று வீசினாலும் லோரியை முந்த நினைத்தாலும் அதனிடம் கையிருப்பு இல்லை. 150 சிசி வண்டியில் 11 கிலோவாட் அல்லது சற்று மேல் கிடைக்கும். அதே 90 கிலோமீட்டரில் பாதித் திறன் மிச்சம் இருக்கும். பெரிய பயண வண்டிகளுக்குப் பேர்போன பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 1,254 சிசி கொண்டது. உச்சத் திறன் 100 கிலோவாட். நெடுஞ்சாலையின் உச்ச வேக வரம்பான 110 கிலோமீட்டரில் அது தன் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்தும். மீதி ஒன்பது பங்கை, 249 கிலோ எடையுடன் சேர்த்து, ஓட்டுநர் சும்மா சுமந்துகொண்டு போகிறார்.

"பெரிய எஞ்சின் இருந்தால்தான் ஆபத்திலிருந்து சட்டென்று விலக முடியும்" என்று சிலர் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. கையிருப்பே இல்லாத எஞ்சினோடு நெடுஞ்சாலையில் ஏறுவதை நானும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அந்தத் தேவை 150 முதல் 250 சிசிக்குள் நிறைவேறிவிடுகிறது. பி2 உரிமம் அனுமதிக்கும் உச்ச அளவும் 250 சிசிதான். அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு கிலோவாட்டும் வரம்பை மீறும் வேகத்துக்கே பயன்படும்.

மலையேற வேண்டுமே என்று கேட்கலாம். தாப்பாவிலிருந்து தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். உயரம் ஏறத்தாழ 1,400 மீட்டர் கூடுகிறது. வண்டியும் ஆளும் பையும் சேர்ந்து 200 கிலோ என்றால், அவ்வளவு உயரம் தூக்கச் செய்ய வேண்டிய வேலை சுமார் 27 லட்சம் ஜூல். ஒன்றரை மணி நேரத்தில் ஏறினால், சராசரியாக அரை கிலோவாட் மட்டுமே கூடுதலாகத் தேவை. செங்குத்தான வளைவுகளில் இதைவிட அதிகம் வேண்டும் என்றாலும், கப்சாய்கள் தினமும் அந்த மலையில் காய்கறியோடு ஏறி இறங்குவதற்குக் காரணம் புரிகிறதா?

உண்மையான சோதனை இறக்கத்தில் வருகிறது. ஏறும்போது சேமித்த அதே 27 லட்சம் ஜூல் இறங்கும்போது வெளியேறியாக வேண்டும். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் அதில் பெரும்பகுதி வெப்பமாகி பிரேக்கைச் சூடாக்கும். மிகவும் சூடான பிரேக் பிடிப்பை இழக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் கியரைக் குறைத்து, எஞ்சினின் எதிர்ப்பையும் துணைக்கு வைத்து இறங்குகிறார்கள்.

ஆகவே நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி, "இந்த வண்டி எப்படி நிற்கும்?" என்பது. 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 25 மீட்டர் கடக்கிறோம். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அடைய ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் காய்ந்த சாலையில் வண்டி நிற்க ஏறக்குறைய 45 மீட்டர் ஆகும். மொத்தம் 70 மீட்டர். மழையில் உராய்வு குறைந்தால் அது 100 மீட்டரையும் தாண்டிவிடும். இந்தக் கணக்கில் எஞ்சினின் சிசி எங்கும் வரவில்லை. வேகமும், டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வும்தான் வருகின்றன.

பதற்றத்தில் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். வழுக்கும் சக்கரத்தைத் திருப்ப முடியாது. முன் சக்கரம் வழுக்கினால் விழுவது பெரும்பாலும் உறுதி. ஏபிஎஸ் உள்ள வண்டியில் சக்கரம் சுழலும் வேகத்தை ஓர் உணரி அளந்துகொண்டே இருக்கும். சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் அழுத்தத்தை ஒரு வினாடிக்குள் பலமுறை தளர்த்தி, மீண்டும் இறுக்கும். 150 சிசிக்கும் அதற்கு மேலும் உள்ள புதிய மாடல்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் இது கட்டாயம். பழைய வண்டி வாங்குபவர்கள்தாம் இதைக் கேட்டுப் பார்த்து வாங்க வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு ஏபிஎஸ் இல்லாத 250 சிசியும் ஏபிஎஸ் உள்ள 150 சிசியும் கிடைத்தால், நான் இரண்டாவதைத்தான் எடுக்கச் சொல்வேன். டயரையும் பாருங்கள். அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ரப்பர் பழையதாகி இறுகினால் அதன் பிடிப்பும் குறைந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, "என் உடம்புக்கு இது பொருந்துமா?" உட்கார்ந்தபடி இரு கால்களும் தரையில் உறுதியாக ஊன்ற வேண்டும். சாய்ந்த வண்டியை நீங்களே நிமிர்த்த முடிய வேண்டும். கடையில் ஒரு நிமிடம் ஏறி இறங்கினால் எதுவும் தெரியாது. பத்து நிமிடமாவது உட்கார்ந்து பாருங்கள். முதுகும் மணிக்கட்டும் பதில் சொல்லும். நான்கு மணி நேரப் பயணத்தில் களைப்பு கூடினால், அந்த ஒரு வினாடி ஒன்றரை வினாடியாகும். அதாவது, பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே இன்னும் 12 மீட்டர் கூடுதலாகப் போயிருப்பீர்கள்.

மூன்றாவது கேள்வி, "போகும் வழிக்கு இது ஏற்றதா?" கெரிக்கிலிருந்து ஜெலி வரையிலான கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை சுமார் 120 கிலோமீட்டர், காட்டு வழி, பெட்ரோல் நிலையங்கள் அரிது. கப்சாயின் தொட்டி ஏறத்தாழ 4 லிட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால் 180 கிலோமீட்டர் வரும். கெரிக்கிலேயே நிரப்பிக்கொண்டால் போதும்; பாதித் தொட்டியோடு புறப்பட்டால் நடுக்காட்டில் தள்ள வேண்டியதுதான். சுமை கட்டுவதிலும் கவனம் வேண்டும். கனமான பொருளைப் பின்பெட்டியில் வைத்தால் அது பின்சக்கர அச்சுக்குப் பின்னால் அமர்ந்து, நெம்புகோல்போல் முன் சக்கரத்தின் மீதான எடையைக் குறைக்கும். கனமானவை தாழ்வாகவும் உடலுக்கு அருகிலும் இருக்கட்டும்.

சிறிய வண்டியில் தூரம் போக முடியாது என்று யாராவது சிரித்தால், அனித்தா யூசோப்பைப் பற்றிச் சொல்லுங்கள். பேராக்கைச் சேர்ந்த இந்த விரிவுரையாளர் 2015இல் தனியாகப் புறப்பட்டு, நான்கு கண்டங்களில் 40 நாடுகளைக் கடந்து, சுமார் 65,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு 2016இல் வீடு திரும்பினார். அவர் ஓட்டியது யமஹா எஃப்இசட்150ஐ. 150 சிசிதான்.

வண்டி வாங்கக் கடைக்குப் போகும்போது இந்த மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். முடிந்தால் அப்பாவையோ அண்ணனையோ அழைத்துச் செல்லுங்கள். சிசியைக் குறைத்ததில் மிச்சமாகும் பணத்தில் சிரிம் முத்திரை உள்ள நல்ல தலைக்கவசம், கையுறை, புதிய டயர்கள் வாங்குங்கள். இப்படிச் செலவழித்தவர் நண்பர்களைவிட அரை மணி நேரம் தாமதமாகத் தானா ராத்தா சேரலாம். அதனால் நட்டம் ஒன்றுமில்லை. தேநீர் அப்போதும் சூடாகத்தான் கிடைக்கும்.