வானத்தில் 340 கி.மீ., டிக்கெட்டில் 800 கி.மீ.: இதுதான் உங்க உடானா?

தோழர்களே, ஒரு சின்னக் கணக்கு.

மேப்பை எடுங்க. சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரம். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம். ரெண்டுக்கும் நடுவில் ஒரு கோடு போடுங்க. கிட்டத்தட்ட நேர் தெற்கு. தூரம் சுமார் 340 கி.மீ. எழுபது பேர் உட்காரும் ஏ.டி.ஆர். விமானத்துக்கு, ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு மணி நேரப் பயணம்.

ஆனா அந்த விமானம் எங்கே? இல்லை!

சேலத்துக்காரர் தூத்துக்குடிக்குப் பறக்கணும்னா, முதலில் எதிர்த்திசையில் சென்னைக்குப் போகணும், சுமார் 265 கி.மீ. அங்கே அடுத்த விமானத்துக்குக் காத்துக் கிடக்கணும். பிறகு சுமார் 530 கி.மீ. தெற்கே வரணும். மொத்தம் 800 கி.மீ. கிட்ட. வானத்தில் இருக்கும் நேரமே ரெண்டரை மணி. காத்திருப்பு தனி. ரெண்டு டிக்கெட் காசு தனி.

இதுக்கு ராத்திரி பஸ் ஏறி, மதுரை வழியா விடியறதுக்குள்ள போய் இறங்கிடலாம். மக்களும் அதைத்தான் செய்றாங்க.

இந்த நிலையை மாற்றத்தான் 'உடான்' திட்டம் என்றார்கள். செருப்பு போட்ட சாமானியனும் பறப்பான் என்று 2017-ல் மேடையில் முழங்கினார் பிரதமர். ஒரு மணி நேரப் பயணத்துக்கு சலுகை சீட் 2,500 ரூபாய் என்றார்கள்.

நடந்தது என்ன? நாங்க சொல்லல, மத்திய தணிக்கைத் துறையின் 2023 அறிக்கை சொல்லுது. ஒதுக்கிய வழித்தடங்கள் 774. அதில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கியதில் மூன்று வருஷச் சலுகைக் காலத்தை முடித்தவை 112. அதற்குப் பிறகும் ஓடியவை வெறும் 54!

சேலமே சாட்சி. 2018 மார்ச்சில் விமானம் வந்தது. 2021-ல் நின்றது. மறுபடி வர 2023 அக்டோபர் ஆனது.

தூத்துக்குடியில் சுமார் 450 கோடியில் புது முனையம், 3,115 மீட்டர் ஓடுபாதை. 2025 ஜூலையில் பிரதமரே வந்து திறந்தார். வரவேற்கிறோம். ஆனா கட்டடம் பறக்காது, விமானம்தான் பறக்கும்!

"கூட்டம் வராது, கம்பெனிகள் முன்வர மாட்டாங்க" என்பார்கள். அந்த இடைவெளியை நிரப்பத்தானே மானியம்? கூட்டம் அலைமோதும் வழித்தடத்துக்கு அரசு எதுக்கு? சேலத்து ஜவ்வரிசி வியாபாரிக்கும் தூத்துக்குடி துறைமுகத்துக்கும் வேலை இல்லையா? படிக்கப் போன பிள்ளைக்கு ஊரில் ஒரு அவசரம் என்றால், அவன் சென்னையைச் சுற்றித்தான் வரணுமா?

நம் கோரிக்கை மூன்றே மூன்று:

1. சேலம் – தூத்துக்குடி நேரடி விமானம், வாரம் மூன்று நாளாவது.
2. மூன்று வருஷத்தோடு மானியத்தை வெட்டாதே. வழித்தடம் நிலைக்கும்வரை கொடு.
3. மாநில அரசும் தன் 20 சதவீதப் பங்கோடு முன்னால் நின்று கேட்கட்டும்.

டெல்லிக்குப் போக வழி இருக்கு. இதே மாநிலத்தில் இன்னொரு மாவட்டத்துக்கு நேரா பறக்க வழி இல்லை. இது தூரத்தின் குற்றமில்லை தோழர்களே, மனசின் குற்றம்.

சேலம், நாமக்கல், தூத்துக்குடி, நெல்லைத் தோழர்கள் உங்க எம்.பி. பக்கத்தில் இந்தக் கணக்கைப் பதிவிடுங்க. பதில் வரும்வரை விடாதீங்க!

#சேலம்_தூத்துக்குடி_நேரடி_விமானம்