பெட்டியின் மேல் எழுதியிருப்பது



1963ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்து எங்கிள்வுட் கிளிஃப்ஸ் என்னும் ஊரில், ரூடி வான் கெல்டர் என்பாரது ஒலிப்பதிவு நிலையத்தில் ஜான் கோல்ட்ரேன் தம் குழுவினர் மூவருடன் வாசித்தார். சாக்ஸஃபோன் என்னும் ஊதுகருவியில் அவருக்கு நிகரானவர் மிகச் சிலரே. அன்று பதிவான இசை உடனே வெளியிடப்படவில்லை. 1970களின் தொடக்கத்தில், கிடங்குச் செலவைக் குறைக்க எண்ணிய நிறுவனத்தார் மூலநாடாவை அழித்துவிட்டதாகவே கருதப்படுகிறது.

ஆயினும் ஒரு நகல் பிழைத்தது. கேட்டுப் பார்ப்பதற்கென எடுக்கப்பட்ட 7 அங்குலச் சுருள் ஒன்றைக் கோல்ட்ரேன் வீட்டுக்குக் கொண்டு சென்றிருந்தார். அது அப்போது அவர் மனைவியாயிருந்த நைமாவிடம் தங்கிற்று. கோல்ட்ரேன் 1967இல் நாற்பதாம் வயதில் காலமானார். நைமா 1996இல் மறைந்தார். சுருளோ அவர் குடும்பத்தாரிடம் பத்திரமாயிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 2018இல், உலகம் அதைக் கேட்டது.

ஒரு நாடாவுக்கு இத்தனை கவலை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை. அதில் மெட்டு ஒரு தொடக்கமே. மற்றவை அந்த வேளையின் மனோதர்மம். நேற்று வாசித்ததை இன்று வாசிப்பதில்லை. ஆகவே, ஓர் இரவின் நாடா அழிந்தால் அந்த இரவின் இசை முழுவதுமே அழிந்ததாகும். எழுதிவைத்த சுவரங்களைக் கொண்டு அதை மீட்க இயலாது.

இத்தகைய சுருள்கள் பழம்பொருள் கடைகளிலும், இறந்தவர் வீட்டுப் பொருள்களின் விற்பனைகளிலும் இன்றும் கைமாறுகின்றன. வாங்குவோர் பலரும் முதலில் பார்ப்பது பெட்டியின் மேலுள்ள எழுத்தை. கடைசியில் நம்பவேண்டியதும் அதுவே என்பேன். ஒலிநாடாவை அழித்து மறுபடியும் பதிவு செய்யலாம். ஒரு பெட்டியில் வேறொரு சுருளை வைத்து மூடலாம். வானொலியிலிருந்து எடுத்த நகலுக்குக் கச்சேரியின் தேதியையே எழுதி வைத்தோரும் உண்டு. இதில் வஞ்சகம் இருக்கவேண்டுமென்பதில்லை. (பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் பழகிய எனக்கு, ஒரே பக்கத்தில் மை மாறியிருப்பதைக் கண்டால் கை தானாகவே நின்றுவிடும். பிற்காலத்தில் யாரோ நல்லெண்ணத்தோடு சேர்த்த வரியாகவே பெரும்பாலும் இருக்கும்.)

நாடாவே தன் வயதைச் சொல்லும். மிகப் பழையவற்றுள் சில காகிதத்தால் ஆனவை. சார்லி பார்க்கரின் வாசிப்பை 1948இல் டீன் பெனடெட்டி பதிவு செய்தது அத்தகைய காகித நாடாவிலேதான்; 1957இல் அவர் இறந்தபின் அவர் சகோதரர் காத்து வைத்திருந்த அப்பதிவுகள் 1990இல் வெளிவந்தன. அடுத்து அசிடேட் நாடா. பின்னர், 1950களில், பாலியெஸ்டர் நாடா. சுருளை விளக்குக்கு எதிரே பிடித்தால் பொதுவாக அசிடேட் ஒளியை ஊடுருவ விடும், பாலியெஸ்டர் இருண்டிருக்கும். எனவே 1947ஆம் ஆண்டின் கச்சேரி என்று எழுதிய பெட்டிக்குள் பாலியெஸ்டர் நாடா இருக்குமாயின், அது பிற்கால நகல் என்பதில் ஐயமில்லை. நீளமும் சாட்சி கூறும்: 1200 அடி நாடா, நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில், ஒரு திசையில் 32 நிமிடமே ஓடும். நகல் என்றறிந்தவுடன் அதை எறிந்துவிடலாகாது; நைமாவிடம் இருந்ததும் நகலே அன்றோ!

பெட்டி குறைத்துச் சொல்வதும் உண்டு. 1957 நவம்பர் 29 அன்று நியூயார்க் கார்னகி மண்டபத்தில் நடந்த கச்சேரியை ‘வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா’ வானொலி பதிவு செய்திருந்தது. 2005இல் வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் லாரி அப்பெல்பாம் என்பவர் அந்த வானொலியின் பழைய நாடாக்களை டிஜிட்டல் முறைக்கு மாற்றுகையில், ‘டி. மங்க்’ என்று கையால் எழுதிய பெட்டி ஒன்றைக் கண்டார். நாடாவை ஓட்டிக் கேட்டபோதுதான் பியானோவில் தெலோனியஸ் மங்க்கும், அவரோடு கோல்ட்ரேனும் வாசிப்பது தெரிந்தது. அவ்விருவரும் சேர்ந்து வாசித்த பதிவுகள் மிகமிக அரியவை.

இனி உடல்நலம். முதலில் மூக்கை நம்புங்கள். அசிடேட் நாடா சிதையும்போது காடியின், அதாவது வினிகரின், நெடி வீசும். வெளிப்படும் அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். அருகிலுள்ள சுருள்களுக்கும் தீங்கு செய்யும். அத்தகையதைப் பிரித்துக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். பாலியெஸ்டர் நாடாவுக்கு வேறு நோய். 1970களிலும் 80களிலும் செய்யப்பட்ட சில வகைகளில், காந்தப் பொடியைப் பிடித்து நிறுத்தும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கிறது. ஓட்டினால் நாடா கிறீச்சிடும். பொடி உதிர்ந்து கருவியின் தலைப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும். உதிர்ந்தது பொடியன்று, இசை. தேர்ந்தோர் அந்நாடாவை மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் வைத்து உலர்த்திப் பிறகு நகலெடுப்பர். அசிடேட் நாடாவுக்கு அம்முறை ஆகாது. வீட்டு அடுப்பில் செய்து பார்ப்பது எதற்குமே ஆகாது. அறுந்த அசிடேட்டைக் கண்டு அஞ்ச வேண்டாம், அது துண்டாக அறுவதால் ஒட்டிவிடலாம். இழுபட்டு நீண்ட பாலியெஸ்டரைச் சீராக்குதலே அரிது.

‘ஓடுகிறதா என்று பார்ப்போம்’ என்று வாங்கிய அன்றே கருவியில் மாட்டுவதைப் போன்ற தவறு வேறில்லை. அந்த ஓட்டமே கடைசி ஓட்டமாகிவிடக்கூடும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது விலை மட்டுமன்று: இது யார் வீட்டிலிருந்து வந்தது? கூடவே கடிதமோ குறிப்பேடோ இருந்ததா? சுருளை எடுத்துக்கொண்டு காகிதங்களைக் குப்பையிலிடுவது வழக்கமாகிவிட்டது. என் கணக்கில் அக்காகிதங்களுக்கே பாதி விலை கொடுக்கலாம். நாடா கைக்கு வந்ததனால் அதை வெளியிடும் உரிமையும் வந்துவிடாது என்பதையும் நினைவிற்கொள்க.

கோல்ட்ரேன் இறைவனுக்கு நன்றியாகப் படைத்த ‘எ லவ் சுப்ரீம்’ என்னும் நான்கு பகுதி இசையின் இறுதிப் பகுதிக்குச் சங்கீதம் என்றே பெயர். 1965 அக்டோபர் 2 அன்று சியாட்டில் நகரில் ‘பென்ட்ஹவுஸ்’ என்னும் இசைக்கூடத்தில் அவர் அதை வாசித்தபோது, இசைக்கலைஞரும் ஆசிரியருமான ஜோ பிரேசில் பதிவு செய்தார். 2008இல் பிரேசில் இறக்கும்வரை நாடா அவரிடமே இருந்தது. 2021 அக்டோபரில் அது வெளிவந்தது. எவர் பதிவு செய்தார், எங்கே, எந்த நாளில், எவர் சேகரிப்பில் இருந்தது என்ற நான்கு கேள்விக்கும் அதனிடம் விடை இருந்தது.