கஜகஸ்தான் போக விசா வேண்டாம்... ஆனால் இதையெல்லாம் கவனிக்காவிட்டால் சிக்கல்தான்!

"பாஸ்போர்ட் இருந்தா போதும், விசாவே வேணாம்." கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து ஆரணிக்கு பஸ்ஸில் திரும்பும் இளைஞரின் செல்போனில் இப்படி ஒரு ரீல்ஸ் வராமல் இருப்பதில்லை. பனிமலை, அல்மாட்டி நகரம், 'வீக்எண்ட் பட்ஜெட்டில் வெளிநாடு' என்ற தலைப்பு. (இது பட்டுக்குப் பேர்போன ஆரணி அல்ல. பெரியபாளையம் பக்கத்தில் இருக்கும் திருவள்ளூர் மாவட்ட ஆரணி.)

ரீல்ஸ் சொல்வது பொய் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை. விசா கேட்கும் நாடு என்றால் தேதி, ஹோட்டல், பணம், பயண நோக்கம் எல்லாவற்றையும் தூதரகம் முன்கூட்டியே சரிபார்த்துவிடும். விசா இல்லையென்றால் அந்த வேலை மொத்தமும் பயணியின் தலையில்தான். தப்பு நடந்தால் அது தெரியவருவது விமான நிலையத்திலோ, அந்த ஊரிலோதான்.

விதி என்ன சொல்கிறது?

இந்தியர்களுக்கு கஜகஸ்தான் விசா விலக்கு அளித்தது 2022 ஜூலையில். ஒரு முறை போனால் அதிகபட்சம் 14 நாள் தங்கலாம். 180 நாளில் மொத்தம் 42 நாள். இது சுற்றிப் பார்க்க, உறவினரைச் சந்திக்க, பிசினஸ் மீட்டிங் போன்ற குறுகிய பயணங்களுக்குத்தான். வேலை பார்ப்பதற்கோ படிப்பதற்கோ இல்லை.

பலர் தவறவிடும் இன்னொரு விஷயம் உண்டு. அல்மாட்டியிலிருந்து கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக் சில மணி நேரக் கார் பயணம்தான். 'அப்படியே ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம்' என்று கிளம்பினால் எல்லையில் நிறுத்திவிடுவார்கள். கிர்கிஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் இந்தியர்கள் தனித்தனியாக விசா எடுக்க வேண்டும்.

14 நாளையும் முழுசா பிளான் பண்ணலாமா?

வேண்டாம். காரணம், 2025 ஏப்ரலில் நடந்தது. பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. சுற்றிப்போனால் இண்டிகோவின் விமானங்களுக்கு அந்தத் தூரம் எட்டாது. அதனால் ஏப்ரல் 27 முதல் அல்மாட்டிக்கும், 28 முதல் தாஷ்கண்டுக்கும் அந்த நிறுவனம் தன் விமானங்களை ரத்து செய்தது. தடை இந்திய விமான நிறுவனங்களுக்கு மட்டுமே என்பதால், ஏர் அஸ்தானா போன்ற வெளிநாட்டு நிறுவனங்களை அது கட்டுப்படுத்தவில்லை.

13-ஆவது நாளில் திரும்பும் டிக்கெட் வைத்திருப்பவருக்கு இப்படி நடந்தால்? 14 நாள் கெடு தாண்டிவிடும். அபராதம், விளக்கம் என்று அலைய வேண்டியிருக்கும். ஆகவே 10 நாளுக்குள் பயணத்தை முடிப்பது நல்லது. டிக்கெட் எடுக்கும்முன் எந்த நிறுவனம், எந்த வழி, ரத்தானால் பணம் எப்படித் திரும்பும் என்று பார்ப்பதும் அவசியம். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு டிக்கெட், டெல்லியிலிருந்து அல்மாட்டிக்கு வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் பொறுப்பு பயணியுடையதுதான். ஒரே பி.என்.ஆர். எண்ணில் வரும் டிக்கெட் பாதுகாப்பானது.

'டூரிஸ்ட்டா போங்க, வேலை அங்க பார்த்துக்கலாம்' என்றால்?

அங்கேயே நின்றுவிடுங்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து ஒப்பந்த வேலையில் இருப்பவர்கள் அதிகமுள்ள பகுதி இது. 'விசா தேவையில்லை' என்ற வார்த்தையை ஏஜென்ட்டுகள் தூண்டிலாக்க வாய்ப்பு அதிகம்.

ஈரானில் நடந்தது இதுதான். வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் செல்லப்பட்ட இந்தியர்கள் அங்கே கடத்தப்பட்டு, குடும்பத்தினரிடம் பணம் கேட்கப்பட்ட சம்பவங்கள் நடந்தன. அதையடுத்து இந்தியர்களுக்கான விசா விலக்கை 2025 நவம்பர் 22 முதல் ஈரான் நிறுத்திவைத்தது.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் 'இ.சி.ஆர்.' பாஸ்போர்ட்டுக்கு, வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியேற்ற அனுமதி கட்டாயம். அந்தப் பட்டியலில் கஜகஸ்தான் இல்லை. அதாவது, அந்த ஒரு தடுப்பும் இங்கே கிடையாது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் மட்டுமே வாங்கலாம். லட்சங்களில் பேசினால் உஷாராகிவிட வேண்டும். சந்தேகம் இருந்தால், பணம் கட்டும்முன் சென்னையில் உள்ள குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பையில் என்ன இருக்கணும்?

பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். திரும்பும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, மருத்துவக் காப்பீடு மூன்றையும் காகிதத்திலும் வைத்திருங்கள். குடியேற்ற கவுன்ட்டரில் செல்போன் சார்ஜ் இறங்கிப்போனால் கைகொடுப்பது அதுதான். வெளிநாட்டவர் வந்து தங்கும் தகவலை மூன்று வேலை நாட்களுக்குள் தங்கவைப்பவர் அங்குள்ள குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஹோட்டல் என்றால் அவர்களே செய்வார்கள். நண்பர் வீடு என்றால் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அங்கே நாணயம் டெங்கே. ஜிபே காட்டி டீ குடிக்க முடியாது. கொஞ்சம் டாலரும், வெளிநாட்டில் பயன்படுத்த அனுமதி பெற்ற கார்டும் தேவை. பேச்சு கசாக், ரஷ்யன். மொழிபெயர்ப்பு ஆப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள். குதிரை இறைச்சி அந்த ஊரில் சாதாரண உணவு. சைவம் சாப்பிடுபவர்கள் நாலைந்து நாளைக்கான உடனடி உணவு எடுத்துப்போவது நல்லது. தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரின் சீட்டையும் சேர்த்து வைக்கவும்.

பொங்கல் லீவில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜனவரியில் அல்மாட்டியின் குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே. தலைநகர் அஸ்தானாவில் மைனஸ் 30 டிகிரி வரைகூடப் போகும். ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டர் அங்கே பத்தாது. உள்ளாடை அடுக்கு, காற்று புகாத மேல்கோட்டு, வழுக்காத ஷூ வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்தியத் தூதரகம் இருப்பது அஸ்தானாவில். அல்மாட்டியிலிருந்து சாலைவழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். அவசரத்துக்கு உடனே ஓடிப்போக முடியாது. தூதரகத்தின் எண்ணும், அந்நாட்டின் அவசர எண்ணான 112-ம் செல்போனில் இருக்கட்டும். பாஸ்போர்ட் நகல், டிக்கெட், தங்கும் முகவரி மூன்றையும் கிளம்பும் முன்பே வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.