மைனரா, வொக்ஸ்வேகனா?

பெல்மதுளைப் பகுதித் தோட்டமொன்றில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் சென்ற வாரம் நம் இல்லத்துக்கு வந்திருந்தார். பழைய கார் ஒன்றை வாங்கிப் பேணவேண்டுமென்பது அவருடைய நெடுநாளைய ஆசை. இரண்டு கார்கள் விலைக்கு வந்துள்ளன. ஒன்று 1954ஆம் ஆண்டு மொறிஸ் மைனர், முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்திருக்கும் வகை. மற்றையது 1960ஆம் ஆண்டு வொக்ஸ்வேகன். சேமலாப நிதிப் பணத்தில் ஒன்றுக்குத்தான் இடமுண்டு. ஒன்றுக்குமே இடமில்லை என்பது அவருடைய மனைவியாரின் கட்சி!

அன்பருடைய தகப்பனார் பெரியதுரையின் மைனரை இருபது வருடம் ஓட்டியவர். மகன் அதில் ஒருநாளேனும் ஏறியதில்லை.

உலகச் செல்வந்தர்கள் சேகரிப்பவை வேறு இனம். பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை இருக்கைக்குப் பின்னே, காரின் நடுவில் குறுக்காக வைத்து, 1966இல் ஜெனீவாக் கண்காட்சியில் இத்தாலியர் காட்டிய லம்போர்கினி மியூரா அத்தகையது. 760க்குச் சற்று மேலாகவே செய்யப்பட்டது. நம் தோட்டத்துப் பாதையிலோ அது முதலாவது மதகிலேயே வயிறு தட்டி நின்றுவிடும். எஞ்சினைக் குறுக்கே வைக்கும் யோசனையை அவர்கள் 1959இல் வெளிவந்த சின்னஞ்சிறு மினிக் காரைப் பார்த்தே பெற்றனர். அந்த மினியை வகுத்த அலெக் இஸிகோனிஸ்தான் மைனரையும் வகுத்தவர். மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தோன்றவே, அதை நீளவாட்டில் இரண்டாக அறுத்து நாலு அங்குலம் அகட்டினாராம். மூடியின் நடுவே இன்றும் காணும் பட்டை அதற்குச் சாட்சி.

வொக்ஸ்வேகனில் எஞ்சின் பின்னால். ஓட்டும் சக்கரங்களின் மீதே பாரம். ஆதலின் மழையில் ஊறிய ஏற்றத்திலும் வழுக்காது பிடித்து ஏறும். காற்றினாலே குளிர்வதால் ரேடியேட்டர் கொதிக்கும் தொல்லையும் இல்லை. மைனர் இவ்விரண்டிலும் பின்தங்கியதே. இறக்கத்திலோ கதை வேறு. வளைவில் வேகமாகத் திரும்பினால் வொக்ஸ்வேகனின் பின்புறம் வெளியே வீசப் பார்க்கும். மைனர் சொன்ன சொல் கேட்கும்.

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. துருவே முதற்பகை. மைனருக்குத் தனிச் சட்டம் இல்லை, உடலே சட்டம். ஆகையால் பளபளக்கும் வர்ணத்தை நம்பாது, அடியிற் படுத்து, பின்வில்கள் பொருந்துமிடத்தை ஊசியாற் குத்திப் பார்க்கவேண்டும். முன்சக்கர மூட்டுக்குக் கிரீஸ் இடாது விட்டிருந்தால் அது கழன்று சக்கரம் சாய்ந்துவிடும். வொக்ஸ்வேகனிலோ பின்னிருக்கையைத் தூக்கவேண்டும்; பற்றரி அங்கேதான். அமிலம் சிந்தித் தரைத்தகட்டைத் தின்றிருக்கக்கூடும்.

வொக்ஸ்வேகன் 2003 வரை மெக்சிக்கோவில் செய்யப்பட்டது; மொத்தம் இரண்டு கோடியே பதினைந்து இலட்சம். மைனர் பதினாறு இலட்சத்துடன் 1971இல் நின்றது. எனினும் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட 1960களில் மைனர்களுக்கு உயிரூட்டியவர்கள் நம் நாட்டுக் கைவினைஞர்களே. பின்னர் 1990களில் அதன் உதிரிப்பாகங்களை இங்கே செய்து, பிறந்த நாடாகிய இங்கிலாந்துக்கே அனுப்பும் விந்தையும் நடந்தது.

நமது வாக்கு மைனருக்கே. ஆனால் ஒரு சிக்கல். அதிலிருந்த 803 சி.சி. எஞ்சின் போய், பிற்காலத்து 1,098 சி.சி. எஞ்சின் அமர்ந்திருக்கிறது, பதிவுப் புத்தகத்தில் அந்த மாற்றம் ஏறவில்லை. மலையேற அதுவே நல்லது, சேகரிப்பவர் கண்ணுக்கோ குறை. விலையைக் குறைத்துக் கேட்கும்படியும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் புத்தகம் திருந்தும் வரை ஒரு சதமும் கொடுக்கவேண்டாமென்றும் சொல்லியிருக்கிறோம். வரும் போயா தினத்தன்று பாயும் ஊசியுமாக நாமும் உடன் செல்வதாக ஏற்பாடு.