ஒரு ஸ்பீக்கருக்கு ரெண்டு ஆம்ப்... லாபமா?

உங்கள் ஸ்பீக்கரின் பின்பக்கம் பாருங்கள். வயர் மாட்ட இரண்டுக்குப் பதில் நான்கு டெர்மினல்கள் இருக்கின்றனவா? அப்படியென்றால் பாஸுக்கு ஒன்று, ட்ரெபிளுக்கு ஒன்று என இரண்டு ஆம்ப்ளிஃபையர்களை இணைக்கலாம். இதற்குப் பெயர் ‘பை-ஆம்பிங்’.

உஷார்! டெர்மினல்களை இணைக்கும் உலோகப் பட்டையை முதலில் கழற்றிவிடுங்கள். மறந்தால், ஒரு ஆம்ப்பின் கரன்ட் மற்றொன்றுக்குள் பாய்ந்து இரண்டுமே புகைந்துவிடலாம். இரண்டும் ஒரே மாடலாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் பாஸ் தூக்கலாகவும் குரல் அமுங்கியும் கேட்கக்கூடும்.

சரி, பலன்? வாட்ஸ் இரட்டிப்பானாலும் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். எனவே, இன்னொரு ஆம்ப் வாங்கும் முன், ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து இரண்டு அடி தள்ளிவைத்துக் கேளுங்கள். கொழகொழவென்ற பாஸ் அதிலேயே தெளியலாம். செலவு பூஜ்யம்!